பூஜையன்று பிறந்த விதிக்கோப்பு

விதிக்கோப்பைத் தேடும் முறையை மறுபடியும் மாற்றிவிட்டார்களாம். எங்கள் பழைய பிரிவில் இப்போது பணிபுரியும் பிள்ளைகள் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்கள். "அண்ணா, இப்போ புது வெர்ஷன்ல ஃபைலு எங்க இருக்குதோ அங்கருந்தே தேடிக்கினு மேல போவுது. நீங்கல்லாம் அப்போ இன்னாத்துக்கு அவ்ளோ பேஜாரு பட்டீங்க?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். எனக்குச் சிரிப்புப் பொங்கிவிட்டது. கையிலிருந்த காப்பி வேட்டியில் சிந்தியது. அந்தச் சிரிப்பின் காரணம் தொலைபேசியில் சொல்லி மாளக்கூடியதன்று, ஆதலால் எழுதுகிறேன்.

கணினித் துறையை அறியாதவர்களுக்காக முதலில் சிறு விளக்கம். நிரல் எழுதுபவர் எடிட்டர் என்னும் செயலியைத் திறந்து அதில் எழுதுவார். அந்த எடிட்டரோடு லின்ட்டர் என்றொரு துணைச்செயலியைச் சேர்த்துக்கொள்ளலாம். எழுத எழுதவே, பிழையான வரியின் அடியில் சிவப்பு நெளிகோடு இடுவது அதன் வேலை. எது பிழை, எது பிழையன்று என்பதை அது தானாக முடிவு செய்வதில்லை. விதிகள் அடங்கிய ஒரு கோப்பை நாம் எழுதி வைக்க வேண்டும். அது அதைத் தேடிப் பிடித்து, படித்து, அதன்படி கோடு போடும். ஒரு பெரிய கோப்புறைக்குள் பல சிறிய கோப்புறைகள் இருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு விதிக்கோப்பு இருந்தால் அது எதைக் கைக்கொள்ளும்? கேட்பதற்கு அற்பமான இந்தக் கேள்விதான் ஸ்டெல்லா என்ற பெண்ணின் வேலையை ஊசலாட்டத்தில் நிறுத்தியது.

நான் முறையாகக் கணினி பயின்றவனல்லன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருட்டாலையில் மின்பணியாளருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். மின்பலகைகளில் கம்பி இணைக்கக் கற்றேன். பிறகு அந்தப் பலகைகளை இயக்கும் சிறு கணினிகளைக் கற்றேன். பிறகு, யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப்போன கையேடுகளைப் படித்து நிரல் எழுதக் கற்றேன். தேர்வாய் கண்டிகையில் பீப்பாய்களில் பசை நிரப்பும் ஆலை ஒன்று திறந்தபோது, அதன் மென்பொருள் பிரிவில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்த நாளில் சக்கரம் உருளுமென்று தெரியாமல் பின்னால் போய்ச் சுவரில் முட்டினேன். என் கணினி வாழ்வின் தொடக்கவிழா அதுவே.

பிரிவின் தலைவர் பரந்தாமன். ஆரம்பாக்கத்துக்காரர், எல்லையோரத்துப் பேச்சில் எங்களையெல்லாம் "நைனா" என்பார். பருத்த உடம்பு, உரத்த குரல். கையில் எப்போதும் ஓர் எஃகு அளவுகோல் இருக்கும். திரையை விரலால் தொடமாட்டார், பிறர் தொடவும் பொறுக்கமாட்டார். அளவுகோலின் முனையைத் திரையிலிருந்து அரை விரற்கடை தள்ளிப் பிடித்து, நிரலை வரிவரியாக உரக்க வாசிப்பார். "அடைப்பு திற. எடை. பெரிது. நூறு. அடைப்பு மூடு." தேவாரம் ஓதுபவரைப் போல் ஏற்ற இறக்கத்தோடு அவர் வாசிப்பதைக் கேட்டு, தேநீர் கொண்டுவருகிறவர் வாசலிலேயே நின்றுவிடுவார். எவரேனும் கவனப் பிழை செய்திருந்தால் அவர் திட்டுவதில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பதுபோல் பிழை செய்தவரின் பெயரைச் சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, "ஆப்சென்ட்" என்பார். உடம்பு வந்திருக்கிறது, மூளை வரவில்லை என்பது பொருள். இந்தத் தண்டனையைப் பெறாதவர் எங்கள் பிரிவில் எவருமிலர்.

லின்ட்டர் விதிகளைத் தேடும் விதத்தை அவர் எங்களுக்கு விளக்கியதே தனி அழகு. எல்லோரையும் ஆலைக்குள் அழைத்துப்போனார். எங்கள் ஆலையில் அறிவிப்புப் பலகைகள் மூன்று இடங்களில் தொங்கும். வாயிலில் ஒன்று: கையுறை அணிக. கூடத்தின் தூணில் ஒன்று: தீப்பொறி ஆகாது. சுழலும் கலவை எந்திரத்தின்மேல் ஒன்று: கையுறை அணியாதே. சுழலும் தண்டில் கையுறை மாட்டினால் கையும் கூடவே போய்விடும் என்பதற்காக.

"இப்போ நீ இந்த மெஷினாண்ட நிக்கற. எந்தப் போர்டுக்குக் கட்டுப்படுவ?" என்று அவர் கேட்டார்.

"பக்கத்துல இருக்கற போர்டுக்கு சார்," என்றார் தணிகாசலம். பீப்பாய்களில் ஒட்டும் லேபிளுக்கான நிரல் அவர் பொறுப்பு. வாய்த்துடுக்கும் அவர் பொறுப்பு.

"தீப்பொறி?"

"அத மெஷினு போர்டு ஒண்ணும் சொல்லல. அதனால தூணு சொல்றது செல்லும்."

"அவ்ளோதான் நைனா லின்ட்டரு."

அக்காலத்துப் பதிப்பு அவ்வாறே நடந்தது. நாம் எழுதும் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அங்கே தொடங்கி, மேலே மேலே ஏறி, வழியில் கண்ட விதிக்கோப்புகளையெல்லாம் திரட்டிக்கொள்ளும். இரண்டு விதிகள் முரண்பட்டால் அருகிலிருப்பது வெல்லும். 'இதுதான் உச்சி' என்று ஏதேனும் ஒரு கோப்பில் எழுதியிருந்தால் அதற்குமேல் ஏறாது. எங்கள் வேலை முழுவதும், எல்லோருக்கும் பொதுவான 'ஆலை' என்ற ஒரே பெரிய கோப்புறையில் இருந்தது. அதற்குள் எடை, லேபிள், வாயில் எனத் தனித்தனிக் கோப்புறைகள்; ஒவ்வொன்றிலும் அதற்குரிய விதிக்கோப்பு. நல்ல ஏற்பாடு, யாருக்கும் ஒரு குறையுமில்லை.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குச் சில வாரங்களுக்கு முன் பரந்தாமன் ஒரு கட்டளையிட்டார். கீழே எந்திரங்களையெல்லாம் எண்ணெய் துடைத்துப் பூஜைக்கு ஆயத்தம் செய்வதுபோல, நாங்களும் எங்கள் நிரல்களில் உள்ள சிவப்புக் கோடுகளையெல்லாம் துடைத்துவிட வேண்டும் என்றார். துடைத்தோம். ஆனால் ஒன்றைத் துடைத்தால் இரண்டு முளைத்தது. இதற்கிடையில், பூஜைக்கு முந்தைய நாள், லின்ட்டரின் புதிய பதிப்பு எல்லாக் கணினிகளிலும் ஏறியது. விதிக்கோப்பின் பெயரும் வடிவமும் மாறிவிட்டமையால் அவரவர் கோப்புறையில் இருந்ததை அவரவர் மாற்றி எழுதிக்கொண்டோம். ஆனாலும் எடிட்டரைத் திறந்தவுடன், விதிக்கோப்பையே காணோம் என்று அது முறையிடத் தொடங்கியது.

அந்த முறையீடு பூஜையன்று காலையிலும் ஓயவில்லை. கணினிகளுக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது, பொரியும் சுண்டலும் தட்டுகளில் ஏறிவிட்டன, கற்பூரம் காத்திருந்தது. பரந்தாமன் குளித்து விபூதி பூசி வந்தவர், தம் திரையில் அந்த எச்சரிக்கையைக் கண்டு முகம் சுளித்தார். உடனே 'ஆலை' என்ற உச்சிக் கோப்புறையிலேயே புதிய வடிவத்தில் ஒரு விதிக்கோப்பைத் தொடங்கினார். முதல் வரியில், எந்திரம் கண்டுகொள்ளாத குறிப்பாக, ஒரு பிள்ளையார் சுழி போட்டார். அடுத்த வரியில் ஓர் அடைப்பைத் திறந்து, மூடிச் சேமித்தார். எச்சரிக்கை மறைந்தது.

"சார், விதிங்க?" என்று நான் கேட்டேன்.

"நல்ல நேரத்துல பொறந்துட்டுது, போதும். கற்பூரம் ஏத்தப் போறாங்க. ஏத்தனதுக்கு அப்புறம் எந்த ஆயுதத்தயும் தொடக்கூடாது. லீவு முடிஞ்சு வந்து போட்டுக்கலாம்."

முறையான பேச்சு. பூஜை போட்ட ஆயுதத்தை அன்று எடுக்கலாகாது என்பதில் எங்கள் ஆலையில் இரண்டாம் கருத்து கிடையாது. கற்பூரம் ஏற்றினோம், பூசணி உடைத்தோம், பொரி தின்றோம், வீட்டுக்குப் போனோம்.

விடுமுறை முடிந்து வந்து எடிட்டரைத் திறந்தவர்களுக்குக் கண்கொள்ளாக் காட்சி. திரையில் ஒரு சிவப்புக் கோடு இல்லை. வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பு அடித்த சுவர்போல் நிரல்கள் மின்னின. மிச்சமிருந்தவற்றைத் தணிகாசலம் துடைத்துவிட்டாரென்று நான் எண்ணினேன். நான் துடைத்தேனென்று தணிகாசலம் எண்ணினார். எல்லோருமே துடைத்தோமென்று பரந்தாமன் எண்ணி, கேன்டீனிலிருந்து மசால் வடை வரவழைத்தார். ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டே தின்றோம். சுத்தமான திரையைக் கண்ட மகிழ்ச்சியில், உச்சியில் பிறந்த அந்தக் குழந்தைக்கு இன்னும் விதி ஊட்டவில்லை என்பது அதைப் பெற்றவருக்கே மறந்துபோயிற்று.

ஒரே ஒரு திரையில் மட்டும் சிவப்பு அடங்கவில்லை. அது ஸ்டெல்லாவினுடையது.

ஸ்டெல்லா எடைப் பகுதியின் நிரலைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தவள். தந்தையார் அதே தொழிற்பேட்டையில் இன்னொரு ஆலையில் ஒப்பந்தப் பணியாளர். அவளுடைய தகுதிகாண் பருவம் அந்த வாரத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்கலாமா, அனுப்பிவிடலாமா என்று பரந்தாமன் எழுதித் தர வேண்டும். இந்த வேளையில் போய், பிரிவு முழுவதும் வெளுத்துக் கிடக்க, அவள் திரை மட்டும் மிளகாய் காயவைத்த களம்போல் சிவந்து கிடந்தது.

தணிகாசலம் விடுவாரா? "இன்னா ஸ்டெல்லா, பொரி மட்டும் ரெண்டு தட்டு துன்ன, பூஜ உனக்குப் பலிக்கலியே," என்றார்.

"ஒரு தட்டுதாண்ணா துன்னேன். இன்னொண்ணு உங்களுது. அதான் பாவம் புடிச்சிக்கிச்சோ இன்னாவோ," என்றாள் அவள், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே.

மறுநாளும் சிவப்புதான். தணிகாசலத்துக்கு இரக்கம் வந்துவிட்டது. அவர் நல்லெண்ணத்தோடு அவளிடம் குனிந்து, "தோ பாரு, ஃபைலு தலையில ஒரு வரி எழுதுனா லின்ட்டரு வாயை மூடிக்கும். எழுதிடு. சாரு பாக்கறப்ப பளிச்சுனு இருக்கும். அப்பால நிதானமா சரி பண்ணிக்கலாம்," என்றார்.

"வாணாண்ணா. அது தப்புன்னு சொல்லுது. நான் போய் அது வாய மூடுனா, தப்பு போயிடுமா?"

"வேல போயிடுமே."

அவள் விசைகளைத் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை பரந்தாமன் அவள் இருக்கைக்கு வந்து நின்றார். அளவுகோலை நீட்டினார், வாசிக்கத் தொடங்கவேயில்லை. சற்று நேரம் சிவப்பைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் முடிச்சிட்டாங்களேம்மா," என்று மட்டும் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். 'ஆப்சென்ட்' என்று சொல்லியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

அன்று உணவு இடைவேளையில் அவள் என் மேசைக்கு வந்தாள். "அண்ணா, என் எடை ஃபோல்டர உங்க மெஷின்ல தொறந்து காட்டுங்க."

திறந்து காட்டினேன். வெளுப்பாக இருந்தது. அவள் கணினியில் சிவந்து கிடந்த அதே கோப்பு, அதே வரிகள், என் திரையில் குற்றமற்றவைபோல் அமர்ந்திருந்தன.

"இப்போ தப்பா ஒரு வரி எழுதுங்க."

எழுதினேன். கோடு வரவில்லை. இன்னும் தப்பாக ஒன்று எழுதினேன். வரவில்லை. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பயன்படாத மாறிகளை வரிசையாக அறிவித்தேன். சமமா என்று கேட்க வேண்டிய இடத்தில் சமமாக்கு என்று எழுதினேன். இத்தனை ஆண்டுகளாகச் செய்யாதே என்று பிறருக்குச் சொல்லிவந்ததையெல்லாம் ஆசைதீரச் செய்தேன். லின்ட்டர் ஆழ்ந்த மௌனத்தில் இருந்தது.

ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள்: "நீங்கல்லாம் பாஸ் பண்லண்ணா. உங்களுக்குப் பரீச்சயே வெக்கல."

காரணத்தைத் தேடினோம். பதிப்பு ஒன்றே, எடிட்டர் ஒன்றே. நான் கணினி மேல் ஐயப்பட்டேன். அவள் வேறொன்றின்மேல் ஐயப்பட்டாள். "நீங்க எடிட்டர்ல எந்த ஃபோல்டர தொறக்கறீங்க?"

"ஆலையை. எல்லாரும் அதத்தான் தொறக்கறோம். சாரோட கட்டளையாச்சே."

வீட்டுக்குள் வருபவன் வாசல் வழியாகத்தான் வர வேண்டும், கொல்லைப்புறமாக நுழையக்கூடாது என்பது பரந்தாமனின் கொள்கை. ஆதலால் உச்சிக் கோப்புறையைத் திறந்து, அதன்வழியாகவே அவரவர் கோப்புறைக்குள் போவோம்.

"நான் அத தொறந்தா என் மெஷினு படுத்துக்குதுண்ணா. எனக்குக் குடுத்தது ஸ்டோருல கெடந்த பழசு. அதனால எடை ஃபோல்டர மட்டும் தனியா தொறப்பேன்."

என் கணினியிலும் எடைக் கோப்புறையை மட்டும் தனியே திறந்தேன். சிவப்பு பூத்தது. மூடிவிட்டு ஆலையைத் திறந்தேன். வெளுத்தது. மறுபடி எடை, சிவப்பு. மறுபடி ஆலை, வெளுப்பு. விளக்கைப் போட்டு அணைத்து விளையாடும் குழந்தைகளைப்போல் இருவரும் மாற்றி மாற்றித் திறந்தோம். ஒவ்வொரு முறையும் சிரிப்பு அதிகமாயிற்று. அவள் சோற்று டப்பா திறக்காமலே கிடந்தது.

புதிய பதிப்பின் குணம் இப்போது விளங்கிவிட்டது. அது கோப்பு இருக்கும் இடத்தைக் கேட்பதில்லை. நாம் எந்த வாசலில் நிற்கிறோம் என்று கேட்கிறது. எடிட்டர் திறந்த கோப்புறையில் தொடங்கி, அங்கே விதிக்கோப்பு இல்லையென்றால் மேலே ஏறும். முதலில் கண்டது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். எக்காரணம் கொண்டும் கீழே இறங்கிப் பார்க்காது. வாயில் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வருபவன், கலவை எந்திரத்தின்மேல் தொங்கும் பலகையைக் கண்ணெடுத்தும் பாராமல் போவதற்கு ஒப்பானது அது. எங்கள் வாயிற்பலகையில் இருந்ததோ ஒரு பிள்ளையார் சுழியும் வெற்று அடைப்பும். விதியே இல்லாத இடத்தில் குற்றம் ஏது?

கேன்டீனிலிருந்து திரும்பிய தணிகாசலத்திடம் லேபிள் கோப்புறையை மட்டும் தனியே திறக்கச் சொன்னோம். திறந்தார். வாய் பிளந்தார். "இன்னாடா இது, என் ஊடே பத்திக்கினு எரியுது," என்றவர், உடனே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை மூடினார். மூடியதைக் கண்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் பரந்தாமன் தம் அறையிலிருந்து வந்துவிட்டார்.

அவரிடம் ஸ்டெல்லாதான் சொன்னாள். "சார், உங்க மெஷின்ல உங்க ஃபோல்டர மட்டும் தனியா ஒரு வாட்டி தொறக்கறீங்களா?"

பரந்தாமன் எழுதிய நிரல்கள் வாயில் கோப்புறையில் இருந்தன. வண்டிகள் உள்ளே வருவதும் வெளியே போவதும் அவற்றின் பொறுப்பு. நின்றபடியே திறந்தார். அப்புறம் உட்கார்ந்தார். அளவுகோலை நீட்டினார். சிவப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அளவுகோல் தேடிக்கொண்டே கீழே போயிற்று, முடிவைக் காணவில்லை. பிறகு அவர் உச்சிக் கோப்புறைக்குப் போய், தாம் பெற்ற விதிக்கோப்பைத் திறந்து, அதன் இரண்டு வரிகளையும் உரக்க வாசித்தார். "பிள்ளையார் சுழி. அடைப்பு திற. அடைப்பு மூடு."

"பரந்தாமன்," என்று அவர் கூப்பிட்டார். ஒரு கணம் நிறுத்தினார். "ஆப்சென்ட்."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அந்த உடம்பு முழுவதும் குலுங்கியது. நாற்காலியும் கூடச் சேர்ந்து கிறீச்சிட்டது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடிச்ச வடைய திருப்பிக் குடுங்கடா எல்லாரும்," என்றார். தணிகாசலம் வயிற்றைத் தட்டிக் காட்டினார். சிரிப்பு ஓய்ந்து மறுபடி தொடங்கியது. திடீரென்று பரந்தாமன் சிரிப்பதை நிறுத்தி எழுந்து நின்றார்.

"காத்தாலயே எழுதிக் குடுத்துட்டேனே."

"இன்னா சார்?"

"இவ வாணாம்னு."

ஸ்டெல்லாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பணியாளர் பிரிவு அதிகாரி அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு அன்று பிற்பகல் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே சேர்ந்துவிட்டால் மாற்றுவதற்கில்லை.

பரந்தாமன் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. அன்று ஓடினார். அளவுகோலைக் கையில் பிடித்தபடி, லாரிகளை நிறுக்கும் எடைமேடையைக் குறுக்கே கடந்து, உச்சி வெயிலில் ஓடினார். எடைமேடை அவருடைய எடையைக் காட்டியது. பார்க்க எங்களுக்கு நேரமில்லை. பின்னால் நான், என் பின்னால் ஸ்டெல்லா, அவள் பின்னால் எதற்கென்றே தெரியாமல் தணிகாசலம். வாயிலில் அதிகாரியின் ஸ்கூட்டர் புகை கக்கிக்கொண்டு புறப்படும் நிலையில் இருந்தது.

"கேட்ட மூடு, கேட்ட மூடு," என்று பரந்தாமன் கத்தினார். காவலாளி திகைத்துத் தடுப்புக்கம்பத்தை இறக்கினார். அதிகாரி நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு லாரிகளும் நின்றன.

"இன்னா சார், திருடனப் புடிக்கிற மாதிரி ஓடியாறீங்க? எனக்கு ட்ரெயின் போயிடும்."

பரந்தாமனுக்கு மூச்சு வாங்கியது. கையை நீட்டினார். அதிகாரி பையைத் திறந்து காகிதத்தைக் கொடுத்தார். ஸ்கூட்டர் இருக்கையின்மேல் அதை வைத்து, அளவுகோலைப் பிடித்து, தாம் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தார் பரந்தாமன். அதன்கீழே 'நிரந்தரமாக்கலாம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "அடிச்சு எழுதினா காரணம் போடணும் சார். மேல கேப்பாங்க. இன்னான்னு போடறது?"

லாரிக்காரர்கள் ஒலிப்பானை அழுத்தத் தொடங்கினார்கள். பரந்தாமன் பேனாவைத் தூக்கியபடி யோசித்தார். நிரலை வாசிப்பதுபோலவே சொல்லிச் சொல்லி எழுதினார். "எல்லாரும். சரி என்று. சொன்னபோது. இவருடைய திரை மட்டும். தவறு என்றது. முற்றுப்புள்ளி. இவர் அதன் வாயை மூடவில்லை. முற்றுப்புள்ளி."

தாம் லின்ட்டரின் வாயை மூடச் சொன்னதையும் அவள் மறுத்ததையும் இதற்குள் தணிகாசலம் பரந்தாமனிடம் சொல்லியிருக்க வேண்டும். எப்போது சொன்னாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிகாரி படித்துப் பார்த்தார், புரிந்ததாகத் தெரியவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுத் தம் ஒப்பத்தையும் இட்டுப் பையில் வைத்தார். கம்பம் உயர்ந்தது. ஸ்கூட்டர் போயிற்று; லாரிகளும் போயின.

பரந்தாமன் காவலாளியின் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "போம்மா, நீ இப்போ பர்மனென்ட்டு. மொத வேலயா என் தப்பெல்லாம் திருத்திடு," என்றார்.

"உங்க தப்ப நீங்கதான் சார் திருத்தணும்," என்றாள் ஸ்டெல்லா. கண்ணில் நீர் நின்றது. குரலில் குறும்பு குறையவில்லை. "சரியா இருக்குதான்னு நான் வந்து பாக்கறேன்."

அன்று பிற்பகல் முழுவதும் அவர் தம் நிரலைத் திருத்தினார். ஒரு வரி முடிந்ததும், "ஸ்டெல்லா" என்று பிரிவே அதிரக் கூப்பிடுவார். அவள் தன் இருக்கையிலிருந்து எழுந்து வந்து, அவரிடமிருந்து அளவுகோலை வாங்கி, திரையிலிருந்து அரை விரற்கடை தள்ளிப் பிடித்து வாசிப்பாள். அவள் தலையாட்டிய பிறகே அவர் அடுத்த வரிக்குப் போவார்.